அலுமினியம் சிவக்காது

கொல்லுப் பட்டறையில் இரும்பு தன் சூட்டை நிறத்தால் காட்டிவிடும். மங்கிய சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று அது மாறுவதைப் பார்த்தே எப்போது அடிக்கலாம் என்று கொல்லர் முடிவு செய்கிறார். அலுமினியம் அப்படி எதையும் காட்டாது. பட்டறை வெளிச்சத்தில் கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும். 660 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் திடீரென்று ஓட்டை விழுந்து சொட்டும்.

1963இல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரின் மேல்தகடு அலுமினியம்தான். பழைய கார்களைப் புதுப்பிக்கும் தொழிலுக்கு வருகிறவர்களை இந்த உலோகம் நன்றாகவே சோதிக்கும். நெளிந்த மட்கார்டைத் தட்டி எடுக்க வேண்டுமென்றால் முதலில் அதைச் சூடாக்கி இளக்க வேண்டும். எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதோ கண்ணுக்குத் தெரியாது.

இதற்குக் கைவினைஞர்கள் கண்ட வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. கேஸ் வெல்டிங் டார்ச்சில் ஆக்சிஜனைக் குறைத்து அசிட்டிலீனை எரித்தால் சுடர் புகையும். அந்தக் கரியைத் தகடு முழுக்கப் படியவிடுவார்கள். பிறகு ஆக்சிஜனைக் கூட்டி, சுடரை மெல்ல நகர்த்துவார்கள். கரி எரிந்து மறையும் இடத்தில் தகடு ஏறத்தாழ 400 டிகிரியைத் தொட்டிருக்கும். இளகுவதற்கு அது போதும். உருகுவதற்கு இன்னும் நிறையத் தூரம் இருக்கிறது.

தகட்டை ஏன் இளக்க வேண்டும்? அடிக்க அடிக்க உலோகம் இறுகிக்கொண்டே போவதால்தான். உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வரிசை முழுவதையும் ஒரே நேரத்தில் நகர்த்துவது மிகக் கடினம். ஆனால் பெரிய ஜமக்காளத்தின் ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கித் தள்ளினால் அது சுலபமாக நகர்வதுபோல, அடுக்கில் உள்ள பிசகுகள் நகரும்போது உலோகம் வளைகிறது. 1934இல் டெய்லர், ஒரோவன், பொலானி ஆகிய மூன்று விஞ்ஞானிகளும் தனித்தனியாக இந்த விளக்கத்தை வெளியிட்டார்கள். சுத்தியல் விழ விழப் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். நகர வழியில்லாமல் தகடு இறுகும். மேலும் அடித்தால் கீறிவிடும். சூடு கொடுத்தால் அணுக்கள் மறுபடி ஒழுங்காக அமைந்து, தகடு இளகும். இந்த விளக்கம் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே பாத்திரம் செய்தவர்களின் கைகளுக்கு இது தெரிந்திருந்தது.

தட்டி நேராக்கிய பிறகும் எஃகுத் தகட்டில் எஞ்சும் பள்ளத்தை நிரப்ப இன்று பட்டி பூசுகிறோம். அந்தக் காலத்தில் ஈயத்தால் நிரப்பினார்கள். 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த உலோகம் 183 டிகிரியில் இளகத் தொடங்கும்; ஆனால் முழுதும் உருக இன்னும் பல பத்து டிகிரி ஏற வேண்டும். இடைப்பட்ட சூட்டில் அது குழைந்து நிற்கும்போது, மெழுகு தடவிய மரத்துண்டால் இழைத்துப் பரப்பலாம். ஈயத்தூள் நஞ்சு. அதனால் மிஷின் வைத்துத் தேய்க்காமல் அரத்தால்தான் சீவ வேண்டும். பழகுகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் கைவந்த பிறகு கற்க வேண்டியது, எங்கே கை வைக்கக் கூடாது என்பது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா தன் டூரின் சாசனத்தில், முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்றவே சொல்கிறது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் மங்கியிருந்தாலும் அது ஒரு சான்று, சுரண்டிவிட்டால் திரும்பாது. பளபளப்புக்காக அதை அழிப்பது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள மெக்பெர்சன் கல்லூரி 1976 முதல் பழைய கார்களைப் புதுப்பிக்கும் கலையைக் கற்பிக்கிறது. நான்காண்டு பட்டமே தருகிறது. எஞ்சின், தகடு, பெயின்ட், சீட் தையல், வாகன வரலாறு எல்லாம் பாடத்தில் உண்டு. நம் ஊரில் ஐடிஐ வெல்டர், மோட்டார் மெக்கானிக் பிரிவுகள் நல்ல அடித்தளம். புதுப்பித்த கார்களை நேரில் பார்க்கக் கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது.

இந்தத் தொழிலைக் கற்கும் ஆசை இருந்தால் சொந்தக் காரில் கை வைக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு மட்கார்டு வாங்கி, பக்கத்து டிங்கரிங் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். பட்டி பூசாமலே தகட்டை நேராக்கத் தெரிந்த மூத்த டிங்கர் ஒருவர் இருந்தால், அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.