இரவு வானில் கேமரா – 9: பொடிப்புள்ளிகளுக்குள் ஒரு நெபுலா

சென்ற வாரம் ஓரியன் நெபுலாவை முதல்முறையாகப் படம் பிடிப்பது வரை வந்தோம். அந்தப் படத்தைக் கணினியில் திறந்து, நெபுலாவின் மங்கலான ஓரங்களும் தெரியட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டியிருப்பீர்கள். நடுப்பகுதி நன்றாக இருந்திருக்கும். ஓரத்துக்குப் போகப் போக சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பொடிப்புள்ளிகள் நிறைந்து, எது வாயு, எது வெறும் புள்ளி என்று பிரிக்க முடியாமல் போயிருக்கும். இதுதான் இரைச்சல். கேமராக்காரர்கள் பேச்சில் ‘நாய்ஸ்’.

இதைப் பார்த்ததும் வேறு கேமரா வாங்க வேண்டுமோ என்று யோசிக்காதீர்கள். அந்தப் புள்ளிகளில் பெரும்பங்கு ஒளியோடு கூடவே வந்தவை. ஒளி, ஃபோட்டான்களாகச் சிதறி வருகிறது. சீரான இடைவெளியில் வருவதில்லை. தூறலில் முற்றத்தில் ஒரே அளவான இரண்டு கிண்ணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் துளிகள் விழாது. சென்சாரின் பிக்ஸல்களிலும் அதே கதைதான். சராசரியாக 100 ஃபோட்டான் விழவேண்டிய பிக்ஸலில் ஒருமுறை 92 விழும், மறுமுறை 109 விழும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு, எண்ணிக்கையின் வர்க்கமூலம். பிளஸ் டூ கணிதத்தில் படித்த பாய்சான் பரவல் இங்கே வேலை செய்கிறது. 100-க்கு ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து சதவீதம். 10,000-க்கு 100, அதாவது ஒரே ஒரு சதவீதம். ஒளி சேரச் சேர இரைச்சலும் வளரத்தான் செய்கிறது. ஆனால் ஒளி அதைவிட வேகமாக வளர்ந்து முந்திவிடுகிறது. இன்று நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வருபவை.

நெபுலாவை முதன்முதலில் படம் பிடித்தவருக்கே நேரத்தின் அருமை தெரிந்திருந்தது. அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் தகட்டில் பதித்தார். நடுப்பகுதி மட்டும் பதிந்தது. 1882 மார்ச்சில் அதே நெபுலாவுக்கு 137 நிமிடம் கொடுத்தார்; விரிந்து கிடக்கும் மங்கலான பகுதிகளும் தகட்டில் வந்தன. அத்தனை நேரமும் ஒரே தகட்டில், தொலைநோக்கி இம்மி விலகாமல் எடுக்க வேண்டிய நிலை அவருக்கு. நாம் சிறு சிறு எக்ஸ்போஷர்களாக எடுத்து, பிறகு மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளலாம். டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. நான்கு படங்களை அடுக்கினால் படம் இரண்டு மடங்கு தெளியும். பதினாறு அடுக்கினால் நான்கு மடங்கு. போகப் போக ஒவ்வொரு படி ஏறவும் இன்னும் அதிக நேரம் கேட்கும். ஒரே நெபுலாவுக்குப் பல இரவுகளைக் கொடுங்கள் என்று இந்தத் தொடரில் நான் மீண்டும் மீண்டும் சொல்வது இதனால்தான்.

அடுத்தது வானம். ஊர் வெளிச்சத்தால் வரும் ஆரஞ்சு அல்லது சாம்பல் பூச்சை மென்பொருளில் கழித்துவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். பூச்சின் சராசரியைத்தான் கழிக்க முடியும். அதன் ஏற்ற இறக்கம் படத்திலேயே தங்கிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று நிமிட எக்ஸ்போஷரில் ஒரு பிக்ஸலில் நெபுலாவின் ஓரத்திலிருந்து வரும் ஒளியால் 9 எலக்ட்ரான்களும், நகரத்து வானத்தின் ஒளியால் 400 எலக்ட்ரான்களும் சேர்வதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 409, ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 20. நமக்கு வேண்டிய 9 அந்த 20-க்குள் மூழ்கிவிடுகிறது. நல்ல இருட்டான இடத்து வானம், பெருநகர வானத்தைவிட நான்கு மேக்னிட்யூட் வரை மங்கலாக இருக்கும். ஒளியளவில் அது 40 மடங்கு. அங்கே 400 என்பது 10 ஆகிவிடும். கேமராவின் சொந்த இரைச்சலையும் சேர்த்தால்கூட ஏற்ற இறக்கம் 5-ஐத் தாண்டாது. 9 இப்போது அதற்கு மேலே தெரியத் தொடங்கும். கணக்கை முழுதாகப் போட்டால், அந்த இருட்டில் ஒரு மணி நேரம் நகரத்து மொட்டைமாடியின் 18 மணி நேரத்துக்குச் சமம். ஜவ்வாது மலையில் காவலூரை ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்ததில் இருட்டுக்கும் பங்கு உண்டு. தொலைநோக்கிக்கு என்று சேர்த்துவைத்த பணத்தில் கொஞ்சத்தை மலையடிவாரத்துக்கான பயணச்செலவுக்கு ஒதுக்குங்கள். கிடைக்கும் பலனில் வேறெதுவும் அதற்கு ஈடாகாது.

நிலவையும் கவனிக்க வேண்டும். மார்கழித் திருவாதிரை அன்று முழுநிலவு ஓரியனுக்குப் பக்கத்திலேயே நிற்கும். வழிபாட்டுக்கு உகந்த அந்த இரவு நமக்கு உதவாது. அதையடுத்து வரும் தை அமாவாசை, மாசி அமாவாசை ஆகியவற்றை ஒட்டிய இரவுகள்தான் நம்முடையவை. வடகிழக்குப் பருவமழையும் அதற்குள் விலகியிருக்கும்.

நகரத்தை விட்டு நகர முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஓரியன், ரோசெட் போன்ற நெபுலாக்களின் ஒளி சில குறிப்பிட்ட அலைநீளங்களில் குவிந்து கிடக்கிறது: ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.3 நானோமீட்டரில், ஆக்ஸிஜன் 500.7 நானோமீட்டரில். ஏழு நானோமீட்டர் அகலமே உள்ள ஃபில்டரைப் போட்டால் நெபுலாவின் ஒளி ஏறக்குறைய அப்படியே உள்ளே வரும். வானத்தின் வெளிச்சத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் வரும். ஆனால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீல நெபுலாவுக்கு இது பயன்படாது. அங்கே தூசு, நட்சத்திர ஒளியைப் பிரதிபலிக்கிறது. எல்லா நிறமும் கலந்த அந்த ஒளிக்கு இருட்டைத் தேடித்தான் போக வேண்டும்.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் இரைச்சல் கூடும் என்று எல்லாரும் சொல்வார்கள். எக்ஸ்போஷர் நேரத்தையும் அபெர்ச்சரையும் மாற்றாமல் ஐஎஸ்ஓவை மட்டும் கூட்டிப் பாருங்கள். உள்ளே வந்த ஒளி அதேதான். இரைச்சல் புதிதாக எங்கிருந்தும் வருவதில்லை. பல கேமராக்களில், படித்தெடுக்கும்போது சென்சார் சேர்க்கும் இரைச்சல் சற்றுக் குறையக்கூடச் செய்யும். மிக அதிகமாக வைத்தால் நட்சத்திரங்கள் வெளுத்துவிடும் என்பதே இதில் உண்மையான கெடுதல். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களுக்கு 800, 1600 போதும்.

வெப்பத்துக்கு வருவோம். ஒளியே படாவிட்டாலும் சென்சாரில் எலக்ட்ரான்கள் ஊறிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ ஆறு டிகிரி செல்சியஸுக்கு ஒருமுறை இந்த ஊற்று இரட்டிப்பாகும். 26 டிகிரி இரவை விட்டு 14 டிகிரி மலை இரவுக்குப் போனால் அது கால்வாசியாகும். குளிரூட்டிய வானியல் கேமரா சென்சாரை மைனஸ் 10-க்குக் கொண்டுபோனால் அறுபத்து நான்கில் ஒரு பங்காகும். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் லென்ஸை மூடி, அதே எக்ஸ்போஷர் நேரத்தில், அதே குளிரில் முப்பது நாற்பது டார்க் ஃபிரேம்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் சராசரியை மென்பொருள் கழித்துவிடும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமராவே ஒரு டார்க் எடுக்கும் வசதி மெனுவில் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள், பாதி இரவை அது தின்றுவிடும்.

டார்க் ஃபிரேமுக்கும் அடங்காமல் சில பிக்ஸல்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டும். தொலைநோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால், அடுக்கிய படத்தில் அவை சாய்வான கீறல்களாக விழும். இதற்கு மருந்து டிதரிங்: படத்துக்குப் படம் தொலைநோக்கியைச் சில பிக்ஸல் அளவுக்கு, ஒழுங்கில்லாமல், இங்கும் அங்கும் நகர்த்துவது. நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும்போது பழுதுள்ள பிக்ஸல்கள் ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் விழும். மென்பொருள் அவற்றை எளிதாக இனம்கண்டு ஒதுக்கும். செயற்கைக்கோள்களின் கோடுகளும் அப்படியே போய்விடும். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தப் பழக்கத்தை முதல் இரவிலிருந்தே கைக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பொறுமைக்கு என்ன கிடைக்கும்? ஆந்த்ரோமெடா விண்மீன் திரளை 1888-லேயே ஐசக் ராபர்ட்ஸ் படம் பிடித்தார். பிறகு உலகெங்கும் எத்தனையோ தொலைநோக்கிகள் அதைப் பார்த்துவிட்டன. புதிதாக எதுவும் மிச்சமிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. 2022-ல் பிரான்ஸின் நான்சி நகருக்கு அருகிலிருந்து யான் செய்ந்தி என்ற அமெச்சூர், ஆக்ஸிஜன் ஃபில்டருடன் இரவு இரவாக அதைப் படம் பிடித்தார். அந்தத் தரவை மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர் என்ற இன்னும் இரண்டு அமெச்சூர்களோடு சேர்ந்து ஆராய்ந்தபோது, திரளுக்குப் பக்கத்தில் நிலவைப்போல மூன்று மடங்கு நீளமுள்ள ஒரு நீலப்பச்சை வில் தெரிந்தது. ஃபில்டரில் பட்டுத் தெறித்த ஒளியோ, இரைச்சலோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. வேறு இடங்களிலிருந்து வேறு தொலைநோக்கிகளாலும் அதைப் படம் பிடித்துச் சரிபார்த்த பிறகே, தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து 2023 ஜனவரியில் ஆய்வுக்குறிப்பாக வெளியிட்டார்கள். மொத்த எக்ஸ்போஷர் நூறு மணி நேரத்துக்கும் மேல். அந்த வில் நம் பால்வெளியைச் சேர்ந்ததா, ஆந்த்ரோமெடாவை ஒட்டியதா என்ற விவாதம் அதன்பின் ஆய்வுக்கட்டுரைகளில் தொடர்ந்தது.

இதே தரவை அவசரக்காரர் ஒருவர் கையாண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் வெளிச்சத்தின் பூச்சு என்று எண்ணி, பின்னணியைச் சமன்செய்யும் கருவியால் அந்த வில்லையே கழித்திருக்கலாம். செயற்கை நுண்ணறிவால் இயங்கும் இரைச்சல் நீக்கிகள் இன்று ஒரே சொடுக்கில் படத்தை வழவழப்பாக்கித் தருகின்றன. நானும் பயன்படுத்துகிறேன், நல்ல தரவில் அவை அருமையாக வேலை செய்கின்றன. தரவு மோசமாக இருந்தால், பயிற்சியில் பார்த்த நெபுலாக்களின் சாயலில், உண்மையில் இல்லாத இழைகளை அவை வரைந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே அவற்றைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெபுலாவின் பிரகாசமான பகுதியை மாஸ்க் போட்டுக் காப்பாற்றி, இருண்ட பின்னணியில் மட்டும், பாதி அளவுக்குச் செலுத்துங்கள். கொஞ்சம் பொடிப்புள்ளி மிச்சமிருந்தால் இருக்கட்டும்.

நம்பலாமா வேண்டாமா என்று தோன்றும் ஒவ்வோர் இழைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. எடுத்த படங்களை இரண்டு பாதியாகப் பிரியுங்கள். இரண்டு வெவ்வேறு இரவுகளாக இருந்தால் இன்னும் நல்லது. இரைச்சல் நீக்கியைத் தொடாமல் ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக அடுக்குங்கள். ஒரே அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் தெரிந்தால் அந்த இழையை நம்பி அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒன்றில் மட்டும் தெரிந்தால் அடுத்த அமாவாசைக்கு இன்னும் சில மணி நேரம் சேர்த்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் ஃபிளாட் ஃபிரேம்: லென்ஸின் தூசும் மூலை இருட்டும் நெபுலாவாக வேடம் போடாமல் தடுப்பது பற்றி.

(தொடரும்)