பவளத்துக்கு யார் காவல்?

பவளப்பாறைகளைக் காக்கும் அமைப்புகளின் தலைமையில் அதிகாரிகள் இருக்கிறார்கள், விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அந்தக் கடலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அங்கே இடம் உண்டா? சித்தூர், திருப்பதி மலைகள் படித்த பாடம் மன்னார் வளைகுடாவுக்கும் பொருந்துகிறது.

ஏழுமலையானைச் சேவித்துவிட்டுத் திருப்பதிக் கடைவீதியில் நடப்பவர்களின் கண்ணில் தவறாமல் படுவது மணிமாலைக் கடைகள். முத்து, ஸ்படிகம், துளசி, ருத்ராட்சம் ஆகியவற்றோடு சிவப்பாகத் தொங்கும் மாலையைக் காட்டிக் கேட்டால், தெலுங்கில் 'பகடம்' என்பார்கள். தமிழ் முகம் என்று தெரிந்தால் 'பவளம்' என்பார்கள். மலிவு விலை மாலை என்றால் அது கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். அசல் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடல் போன்ற தொலைதூரக் கடல்களிலிருந்து வருவது.

பவளப்பாறை கட்டும் பவளம் வேறு. அது ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான, தெளிந்த கடலில் வாழ்கிறது. ஜெல்லி மீனுக்கு உறவான, கடுகளவிலிருந்து கட்டைவிரல் அளவு வரை உள்ள சிறு உயிர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொள்கின்றன. தலைமுறை தலைமுறையாக எழும் அந்த வீடுகளே பாறையாகின்றன. உலகக் கடல் தரையில் ஒரு சதவீதம்கூட இல்லாத இந்தப் பாறைகளை நம்பி, கடல் உயிரினங்களில் சுமார் கால்வாசி வாழ்கின்றன என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

இந்தியாவில் இவை இருக்கும் இடங்கள் குறைவு: மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் நிகோபார். கிருஷ்ணாவும் கோதாவரியும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் ஆந்திரக் கடற்கரையில் இப்படிப்பட்ட பெரும் பவளத்திட்டுகள் இல்லை. பிறகு திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு பவளத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு பாறை கட்டும் பவளங்கள் சேர்க்கப்பட்டன. சட்டத்தின் கண்ணில் பவளம் ஒரு வனவிலங்கு. புலி, யானை இருக்கும் அதே வரிசை. அதனால் பவளத்தைக் காக்கும் பொறுப்பு வனத்துறையிடம் வந்தது. சேஷாசலம் மலையில் செம்மரக் கடத்தல்காரர்களைத் துரத்தும் வனச்சரகரும், மண்டபத்தில் ரோந்துப் படகில் போகும் வனச்சரகரும் ஒரே மாதிரிக் காக்கி உடுத்தியவர்கள். சேஷாசலத்தில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும், மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டதும் ஒரே ஆண்டில்தான்: 1989. மலைக்கும் கடலுக்கும் ஒரே சட்டம், ஒரே துறை. ஆகவே மலை செய்த தவறுகளும் மலை கற்ற பாடங்களும் கடலுக்கும் உதவும்.

இந்த விஷயம் எனக்கு உறைத்தது ஒரு மொழிபெயர்ப்பு வேலையில். கடல் பாதுகாப்புத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற சொல். நான் 'பங்குதாரர்' என்று எழுதினேன். மீனவர்கள் பங்குதாரர்கள், பாசி எடுக்கும் பெண்கள் பங்குதாரர்கள் என்று போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் நிர்வாகக் குழுவின் பட்டியல். ஓய்வுபெற்ற அதிகாரிகள், பேராசிரியர்கள், ஒரு தொழிலதிபர். பங்குதாரர் ஒருவரும் இல்லை. தமிழில் பங்குதாரர் என்றால் லாப நஷ்டத்தில் பங்குள்ளவர். கணக்குக் கேட்கும் உரிமை உள்ளவர். நான் எழுதிய சொல் பொய்யாகிவிட்டது. 'தொடர்புடையோர்' என்று மாற்றிவிட்டு வேலையை முடித்தேன்.

சித்தூர் மாவட்டக் காடுகளில் இந்தக் கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது. விறகு வெட்டியதற்கும் ஆடு மேய்த்ததற்கும் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் காடு மிஞ்சாது என்று 1990இல் மத்திய அரசு ஒப்புக்கொண்டு, ஊர் மக்களோடு சேர்ந்து காடு வளர்க்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆந்திரத்தில் 1992இல் 'வன சம்ரட்சண சமிதி' என்ற பெயரில் ஊர்க் குழுக்கள் வந்தன. மதனப்பள்ளி, புங்கனூர்ப் பக்கத்து வறண்ட குன்றுகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். யார் ஆடு எந்தப் பக்கம் மேயும், எந்த மரத்தை எப்போது கழிக்கலாம் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்த சங்கதி, ரேஞ்சருக்குத் தெரியாது.

எல்லாம் நேராகிவிடவில்லை. குழுவின் வங்கிக் கணக்கில் வனத்துறை ஊழியரின் கையெழுத்தும் வேண்டும் என்ற ஏற்பாடு, முடிவு யார் கையில் என்பதைக் காட்டிவிட்டது. திட்டப் பணம் நின்றதும் பல குழுக்கள் காகிதத்தோடு நின்றன. இருந்தாலும் ஒன்று மாறியது. காட்டைப் பற்றிப் பேச ஊர்க்காரருக்கும் ஒரு நாற்காலி உண்டு என்பது சட்டத்தின் பேச்சாயிற்று. உட்கார வைத்து, கேட்காமல் விட்டால் அந்த நாற்காலி வெறும் மரம் என்பதும் தெரிந்தது.

இந்தப் பாடத்தோடு மன்னார் வளைகுடாவைப் பார்க்கலாம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளத்திட்டுகள். ஒரு காலத்தில் இங்கே பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் அனுப்பினார்கள். 1986இல் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாயின. பவளம் வெட்டுவது அதன் பிறகும் நடந்து, 2001ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 2004 சுனாமிக்கும் பின்னரே ஓய்ந்தது. அலை வந்த அன்று தீவும் திட்டும் கரைக்கு அரணாக நின்றதை ஊர்கள் கண்டன. சட்டப் புத்தகம் சொல்லிக் கேட்காததைக் கடல் ஒரே காலையில் சொல்லிவிட்டது.

வெட்டியதற்குக் கடல் வட்டியும் வசூலித்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1969இல் சுமார் 16 ஹெக்டேர். 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேர்கூட இல்லை. பின்னர் அதன் முன்னால் துளையிட்ட கான்கிரீட் அமைப்புகளைக் கடலில் இறக்கி அரிப்பைத் தடுத்தார்கள். இதில் பெரும் பங்கு தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளுடையது. உடைந்த பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் வளர்க்கும் வேலையையும் அவர்கள் 2002 முதல் செய்துவருகிறார்கள்.

நிர்வாகத்துக்கு என்று மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையைத் தமிழக அரசு அமைத்தது. உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பண உதவி செய்தன. கரையோர ஊர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வந்தன. சிறு கடன், மாற்றுத் தொழில் என்று பல நல்ல காரியங்கள் நடந்தன. சித்தூர் சமிதியின் கடலோர உடன்பிறப்பு என்று இவற்றைச் சொல்லலாம். ஊர்க் குழுவில் ஊர் இருந்தது. அறக்கட்டளையின் தலைமை அதிகாரிகளிடம் இருந்தது.

இடையில் அகப்பட்டுக்கொண்டவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன் தீவின் சின்னப்பாலம் போன்ற ஊர்களிலிருந்து தீவுகளை ஒட்டிய கடலில் மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றைக் கையால் பறித்துப் பையில் சேர்ப்பது இவர்கள் தொழில். அதிலிருந்து எடுக்கும் அகர், ஐஸ்கிரீம் முதல் ஆய்வுக்கூடம் வரை பயன்படுகிறது. விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பைக் கட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் நீரில் கிடப்பவர்கள். பூங்காவின் எல்லை இறுகியதும் இவர்களே அத்துமீறுபவர்கள் ஆனார்கள்.

அவர்களில் ஒருவர் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி. பாசி எடுக்கும் பெண்களைச் சங்கமாகத் திரட்டியவர். 'எங்களைக் கடலில் விடுங்கள்' என்ற கோரிக்கையோடு இவர்கள் நிற்கவில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே கடலில் இறங்குவது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் பாசி எடுக்காமல் ஒதுங்கி இருப்பது, உலோகக் கருவியால் பாறையைச் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். எந்த அறக்கட்டளையும் எழுதித் தராத நிர்வாகத் திட்டம் இது. கூலி குறையும் என்று தெரிந்தே போட்ட விதி என்பதுதான் அதன் கனம். தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான சீக்காலஜி, 2015ஆம் ஆண்டின் விருதை லட்சுமிக்கு வழங்கியது. கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு அவர் பாதுகாப்பாளர். சொந்தக் கடலில் அவர் எல்லை தாண்டுபவர்.

யார் தலைமை என்பது வெறும் மரியாதைப் பிரச்னை இல்லை, பாறையின் உயிர்ப் பிரச்னை என்பதைப் பிலிப்பைன்ஸ் நாட்டில் அருகருகே உள்ள இரண்டு தீவுகள் காட்டுகின்றன. ஏஞ்சல் அல்கலா என்ற உயிரியல் அறிஞரும் சிலிமான் பல்கலைக்கழகத்தினரும் 1974இல் சுமிலோன் தீவில் மீன் பிடிக்கத் தடைசெய்யப்பட்ட காப்பிடம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். மீன் பெருகியது. காவல் வெளியாரிடம் இருந்தது. 1984இல் உள்ளூர் நிர்வாகம் மாறியதும் காப்பிடம் கலைந்தது, பாறை சூறையாடப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் தீவைச் சுற்றிக் கிடைக்கும் மீன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

அப்போ தீவில் அதே அறிஞர்கள் வேறு வழியில் போனார்கள். முதலில் ஊரோடு பேசினார்கள். 1982 முதல் ஊர்க்காரர்களே ஒரு பகுதியை ஒதுக்கி, அவர்களே காவல் இருந்தார்கள். அந்தக் காப்பிடம் நிலைத்தது. மற்ற தீவுகளுக்கும் முன்மாதிரியானது. அல்கலா 1992இல் நாட்டின் சுற்றுச்சூழல் துறைக்கே அமைச்சரானார். பாதுகாப்பாளர் ஒருவர் தலைமைக்கு வந்த கதை இது. ஆனால் தலைமைக்கு வருவதற்கு முன்பே அவர் தலைமையைப் பகிர்ந்துகொள்ளக் கற்றிருந்தார்.

விஞ்ஞானிகளை ஒதுக்கிவிட்டு ஊரிடம் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. பவளத்தின் இன்றைய பெரிய எதிரி வலையும் இல்லை, சம்மட்டியும் இல்லை, சூடு. கடல் நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால் போதும். பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகள் வெளியேறிவிடுகின்றன. பவளம் வெளுத்து, பட்டினியில் சாகிறது. 2016இல் நடந்த வெளுப்பில் மட்டும் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது. 2024இல் உலகின் நான்காவது பெரும் வெளுப்பு அறிவிக்கப்பட்டது. இதைச் சின்னப்பாலம் பெண்களால் தடுக்க முடியாது; ராமநாதபுரம் அதிகாரியாலும் முடியாது.

ஆனால் வெளுத்த பவளம் எல்லாம் செத்துவிடுவதில்லை. சூடு தணிந்தால் மீளும். கழிவுநீர் கலக்காமல், இழுவை வலை கிளறாமல், நங்கூரம் விழாமல் பார்த்துக்கொண்டால் மீளும் வாய்ப்பு கூடும். வெளுப்பு எவ்வளவு என்று அளக்க விஞ்ஞானி வேண்டும். இழுவைப் படகை நிறுத்த அதிகாரி வேண்டும். எந்தத் திட்டில் எந்த மாதம் என்ன நடக்கிறது என்று சொல்ல, தினமும் அங்கே மூழ்குகிறவர் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் காவல் ஓட்டைதான். முதல் இருவருக்கும் நிர்வாகக் குழுக்களில் இடம் சுலபமாகக் கிடைக்கிறது. மூன்றாமவரை விழிப்புணர்வு முகாமுக்குக் கூப்பிட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

திருப்பதிக்கு இது இனி தூரத்துக் கதை இல்லை. 2022 ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் உருவானபோது சூளூர்பேட்டையும் தடாவும் அதில் சேர்ந்தன. அவற்றோடு பழவேற்காடு ஏரியின் பெரும் பகுதியும் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயமும் வந்தன. பெருமாளின் ஊருக்கு ஏரியும் கடலும் வந்து சேர்ந்தன. ஏரியின் ஆந்திரப் பகுதி 1976 முதல் பறவைகள் சரணாலயம். பூநாரைகளைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள். அந்தப் பூநாரை நிற்கும் நீரில்தான் மீனவரின் வலையும் நிற்கிறது. யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரிக்கும் 'பாடு' முறை பழவேற்காட்டு மீனவ ஊர்களில் பல தலைமுறைகளாக இருந்துவருகிறது. ஏரியைப் பங்கிட்டு, ஏரியைக் காத்த முறை அது. சரணாலயத்தின் எதிர்காலத் திட்டம் பேசப்படும் அறையில் பாடு அறிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் திட்டத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

பவளத்துக்கும் பூநாரைக்கும் செம்மரத்துக்கும் நிபுணர்கள் தேவை. அவர்கள் இப்படிப்பட்ட அமைப்புகளின் பொறுப்புக்கு வருவது நல்ல செய்தி, வரவேற்கலாம். வரும்போது பக்கத்தில் இன்னொரு நாற்காலியையும் போட்டுவிட்டு வந்தார்களா என்று மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்கு அந்த அறிக்கையை மறுபடியும் என்னிடம் கொடுத்தால், 'பங்குதாரர்' என்ற சொல்லை அடிக்காமல் அப்படியே விட்டுவிடலாம்.