யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்: தேசப்பற்றும் சமூகப் பணியும்

ஈழத்துத் தமிழரிடையே தோன்றிய தேசிய இயக்கங்களுள் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தனித்துவமானது. எனினும், 1931 ஆம் ஆண்டு நடைபெற்ற தேர்தற் பகிஷ்கரிப்பைக் கொண்டே அது பெரிதும் நினைவுகூரப்படுகின்றது. இதனால் அதன் சமூகப் பணிகள் உரிய கவனத்தைப் பெறவில்லை. மரபைப் போற்றுவதையும் மரபுவழி வந்த ஏற்றத்தாழ்வை எதிர்ப்பதையும் ஒரே கடமையாகக் கருதிய ஓர் அமைப்பு என்ற வகையிலேயே நாம் அதனை இங்கு நோக்க விரும்புகின்றோம்.

மரபு பேணும் முயற்சி யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 19 ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822-1879) முன்னின்று நடத்திய சைவத் தமிழ் மறுமலர்ச்சி, மிஷனரிமாரின் கல்வி மேலாதிக்கத்துக்கு வலுவான எதிர்விளைவாக அமைந்தது. தமிழ் உரைநடைக்கும் பதிப்புத்துறைக்கும் சுதேசக் கல்விக்கும் அது ஆற்றிய பணி பெரிது. ஆயினும், நிலவுடைமையோடு பிணைந்திருந்த சாதியமைப்பை அது கேள்விக்குட்படுத்தவில்லை. அக்கேள்வியை எழுப்பும் பொறுப்பு அடுத்த நூற்றாண்டின் இளந்தலைமுறையினரைச் சார்ந்தது.

1924 ஆம் ஆண்டு மாணவர் காங்கிரஸ் என்னும் பெயரில் இவ்வமைப்பு உருவாயிற்று. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியோடு தொடர்புடைய இளைஞர்கள் அதன் தோற்றத்துக்குக் காரணராயினர். அவர்களுள் ஹன்டி பேரின்பநாயகம் (1899-1977) முதன்மையானவர். மிஷனரிக் கல்வியின் வழிவந்தோரே தாய்மொழிக்கும் தேசிய உடைக்கும் உள்ளூர்க் கைத்தொழிலுக்கும் குரல்கொடுத்தமை கருதத்தக்கது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒருங்கே இயங்கியமையால், சமயச் சார்பின்மை அதன் அடிப்படைப் பண்பாயிற்று. தேசிய இலக்கியத்தையும் கலைகளையும் புத்துயிர் பெறச்செய்தல், தீண்டாமையை ஒழித்தல், இன பேதமற்ற இலங்கைத் தேசியத்தை வளர்த்தல் என்பன அதன் நோக்கங்களாயின. இவை ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே அவ்விளைஞரின் நிலைப்பாடாகும்.

1927 நவம்பர் இறுதியில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபொழுது, அவரை வரவேற்கும் பணியில் மாணவர் காங்கிரஸ் முன்னின்றது. கதர் நிதிக்குப் பணம் திரட்டப்பட்டது. இந்திய தேசிய இயக்கத்தின் செல்வாக்கு இதனால் மேலும் வலுப்பெற்றது. ஆனால் அவ்வியக்கத்தின் வெளிச்சின்னங்களை மட்டும் இரவல்பெற்று இவர்கள் அமைதியடையவில்லை. தம்மூர்ப் பாடசாலைகளிலே நிலவிய நடைமுறையை மாற்ற முற்பட்டனர்.

அந்நாளில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அனுமதி கிடைப்பது அரிது. அனுமதி கிடைத்தவிடத்தும் ஏனையோர் வாங்கில் அமர, இவர்கள் நிலத்திலே அமர்த்தப்பட்டனர். அரசாங்க நன்கொடையிலே நடைபெற்ற பாடசாலைகளிலும் இந்நிலையே காணப்பட்டது. இதற்கெதிராக எழுந்த சமாசனக் கோரிக்கையையும் சமபோசனக் கோரிக்கையையும் காங்கிரஸ் உறுதியாக ஆதரித்தது. 1930 ஆம் ஆண்டளவில் நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமாசனம் வழங்கப்படவேண்டுமென அரசாங்கம் பணித்தபொழுது உயர்சாதியினரின் எதிர்ப்புக் கடுமையாயிற்று. சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. ஒரு வாங்கு இத்துணைப் பகையை மூட்டியதென்றால், அது வெறும் இருக்கையன்று என்பது தெளிவு. கல்வி வழியாக உத்தியோகமும், உத்தியோகம் வழியாக அந்தஸ்தும் கிட்டிய சமுதாயத்தில், பாடசாலையிற் சமத்துவம் என்பது பழைய உழைப்புறவுகளின் அடித்தளத்தையே அசைப்பதாயிருந்தது.

இப்பின்னணியிலேயே 1931 ஆம் ஆண்டுப் பகிஷ்கரிப்பையும் மதிப்பிடுதல் வேண்டும். டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியத்தை வழங்கவில்லை என்பது வாலிபர் காங்கிரசின் வாதமாகும். அவ்வாண்டு ஏப்ரலில் கமலாதேவி சட்டோபாத்தியாய கலந்துகொண்ட மாநாட்டைத் தொடர்ந்து பகிஷ்கரிப்பு வேகம் பெற்றது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. ஏகாதிபத்திய எதிர்ப்பின் வெளிப்பாடு என்ற வகையில் இது துணிவான செயலே.

ஆயினும், இதன் முரண்பாட்டை நாம் மறைத்தல் தகாது. சர்வசன வாக்குரிமை முதன்முதலாக நடைமுறைக்கு வந்த தேர்தல் அது. பெண்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் வாக்காளராயினர். ஆனால் அந்நான்கு தொகுதிகளிலும் வாக்களிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. 1934 ஆம் ஆண்டு இடைத்தேர்தல்கள் நடைபெறும்வரை ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. அத்தேர்தலிற் பருத்தித்துறையில் வெற்றிபெற்ற ஜீ. ஜீ. பொன்னம்பலம் இனவாரிப் பிரதிநிதித்துவ அரசியலின் முதன்மைக் குரலானார். காங்கிரஸ் மறுத்த அரசியலே அது விட்ட வெற்றிடத்தில் வளர்ந்தது.

இம்முரண்பாட்டின் வேர் அமைப்பின் வர்க்கத் தளத்திலே உள்ளது எனலாம். ஆங்கிலங் கற்ற ஆசிரியர்களும் மாணவரும் சட்டத்தரணிகளும் அதனை நடத்தினர். ஒடுக்கப்பட்டோருக்காக அவர்கள் நேர்மையாகக் குரல்கொடுத்தனர். எனினும் அம்மக்களைத் திரட்டித் தலைமைக்குக் கொணரும் அமைப்பாகக் காங்கிரஸ் வளரவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே பெருந்திரளாகப் போராட்டக்களத்தில் நின்றமையை 1966 ஒக்டோபர் எழுச்சியிலும் அதனைத் தொடர்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டங்களிலுமே காண்கின்றோம்.

ஆனால் காங்கிரஸ் விதைத்தவை வீண்போகவில்லை. அதன் முன்னோடிகள் பலர் ஆசிரியர்களாகவும் அதிபர்களாகவும் விளங்கி, தாய்மொழிக் கல்விக்கும் 1945 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இலவசக் கல்விக்கும் ஆதரவான கருத்தைப் பரப்பினர். பேரின்பநாயகம் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராகவும் பணிபுரிந்தார்.

பண்பாட்டுப் பெருமை பேசும் சங்கங்கள் நம்மிடையே குறைவல்ல. அவற்றை மதிப்பிடுவதற்கு வாலிபர் காங்கிரசின் வரலாறு ஓர் அளவுகோலைத் தருகின்றது. மரபு எவருடையது, அதன் பயனை நுகர்வோர் யாவர், அதன் பெயரால் விலக்கப்பட்டோர் யாவர் என்ற வினாக்களை எழுப்பாத தேசப்பற்று, ஒரு சாராரின் அந்தஸ்தைக் காக்கும் கருவியாகவே எஞ்சும். இவ்வினாக்களை எழுப்பியமை அவ்விளைஞரின் சாதனை. விடைகாணும் பொறுப்பை அவற்றால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட மக்களின் கையில் ஒப்படைக்காமை அவர்களது எல்லை. இரண்டையும் சேர்த்துக் கற்பதே அவ்வரலாற்றுக்கு நாம் செய்யும் நியாயமாகும்.