ஒரு கணினிக்குள் பல கணினிகள்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் எனக்குப் பிடித்த பகுதி மெய்நிகராக்கம். முன்பு நிறுவனங்கள் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சேவையகக் கணினி வைத்திருந்தன. அவற்றின் ஆற்றலில் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்க, மின்சாரமும் குளிரூட்டலும் மட்டும் செலவாகின.

இதற்குத் தீர்வு ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள். ஒரே இயந்திரத்தின் செயலியையும் நினைவகத்தையும் பங்கிட்டு, தத்தமக்கெனப் பணிசெயல் முறைமை கொண்ட பல மெய்நிகர்க் கணினிகளை அது இயக்குகிறது. ஒன்றில் மென்பொருள் கோளாறு ஏற்பட்டாலும் மற்றவை இயங்கும். 1960களில் ஐ.பி.எம். பெருங்கணினிகளில் தொடங்கிய முறை இது. இயந்திரமே பழுதானால் அனைத்தும் நின்றுவிடும் என்பதால் காப்புப் பிரதி அவசியம்.

பெற்றோரே, வீட்டுக் கணினியை மகள் பழுதாக்கிவிடுவாள் என அஞ்ச வேண்டாம். இலவசமான வேர்ச்சுவல்பொக்ஸில் லினக்ஸை நிறுவி நாங்கள் பயிலலாம். தவறு நேர்ந்தால் அந்த மெய்நிகர்க் கணினியை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும்.