கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது... கட்டுப்பாடு எங்கே கிடைக்கும்?

"பையன் படிப்புக்கு என்றுதான் கம்ப்யூட்டர் வாங்கினோம். இப்போது அதன் முன்னாலிருந்து அவனை எழுப்புவதே பெரிய வேலையாகிவிட்டது." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம்.

எங்கள் அம்பத்தூர் வீட்டில் புலம்பல் வேறு மாதிரி. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், மறுநாள் கொடுக்க வேண்டிய அறிவியல் புராஜெக்டை இரவு பதினோரு மணிக்குத் தேடிக்கொண்டிருந்தாள். டெஸ்க்டாப் முழுக்க ஐகான்கள். எல்லாப் பைல்களுக்கும் "நியூ டாகுமெண்ட்" என்று ஒரே பெயர். பக்கத்தில் 5, 6, 7 என்று எண் மட்டும். நான் கத்தினேன், அவள் அழுதாள். ஒருவழியாகப் பைல் கிடைத்தது. அப்புறம்தான் கவனித்தேன். அதே டெஸ்க்டாப்பில் என்னுடைய சம்பளச் சீட்டும், கரண்ட் பில் ரசீதும், ரேஷன் கார்டு ஸ்கேனும் அதே லட்சணத்தில் சிதறிக் கிடந்தன. அவள் யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

பொருளை அதனதன் இடத்தில் வைப்பது, சொன்னதை மனதில் நிறுத்திக்கொள்வது, ஆசையைக் கொஞ்ச நேரம் அடக்குவது ஆகிய மூன்று திறன்களும் மூளையின் முன்பகுதியைச் சார்ந்தவை. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இவை வேகமாக வளரத் தொடங்கும். முழுமையாக முதிர்வதற்கு இருபது வயதைத் தாண்டிவிடும். ஆகவே பத்து வயதுப் பிள்ளை மறந்துபோவதும், "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று கெஞ்சுவதும் திமிரினால் அல்ல. அந்தத் திறன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்றே பொருள். நல்ல விஷயம் என்னவென்றால், இதற்குப் பயிற்சி கொடுக்க உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே உதவும்.

"ஞாபக சக்தி சாப்ட்வேர்" வாங்கலாமா?

வாங்குமுன் இதைப் படியுங்கள். 2010-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 11,430 பெரியவர்கள் ஆறு வாரம் இன்டர்நெட் வழியாக மூளைப் பயிற்சி விளையாட்டுகளை ஆடினார்கள். ஆடிய விளையாட்டில் தேறினார்கள். ஆனால் அந்தத் தேர்ச்சி மற்ற வேலைகளில் தெரியவில்லை. 2016-ல் 'லூமோசிட்டி' என்ற புகழ்பெற்ற மூளைப் பயிற்சி நிறுவனம், விளம்பரத்தில் மிகைப்படுத்தியதாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் தொடர்ந்த வழக்கில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. விளையாட்டாக ஆடினால் தவறில்லை. ஆனால் காசு கொடுத்து ஞாபக சக்தியை வாங்கிவிட முடியாது. அதற்குப் பாட்டியின் பல்லாங்குழியே போதும். கடைசிச் சோழி எந்தக் குழியில் விழும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்து ஆடுவது அருமையான பயிற்சி.

1. ஒழுங்கு: போல்டரில் தொடங்குங்கள்

டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ, பிறகு போல்டர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். குழந்தையின் பெயரில் ஒரு போல்டர், அதற்குள் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து போல்டர்கள் போதும். பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். பெயரை மாற்ற, போல்டரை ஒருமுறை கிளிக் செய்து எப்2 கீயை அழுத்தவும்.

பைல் பெயருக்கு ஒரே விதி: பாடம், தலைப்பு, தேதி. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கொடுத்தால் பெயர் வரிசையில் பார்க்கும்போது ஒரே பாடமும் ஒரே தலைப்பும் கொண்ட பைல்கள் தானாகவே தேதிப்படி நிற்கும். இடையில் சாய்கோடு போட்டால் விண்டோஸ் ஏற்காது. சிறு கோடு போடவும். பைலைத் திறந்ததுமே பெயர் கொடுத்து சேவ் செய்துவிட்டு, பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். நடுநடுவே கண்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்துவது பழக்கமாகிவிட்டால், திடீரென்று கரண்ட் போனாலும் உழைப்பு போகாது.

முக்கியமான விஷயம், போல்டரை நீங்கள் அடுக்கிக் கொடுக்காதீர்கள். எது எங்கே போக வேண்டும் என்று பிள்ளை யோசிப்பதுதான் பயிற்சி. நீங்கள் செய்துவிட்டால் உங்களுக்குத்தான் பயிற்சி! சனிக்கிழமை தோறும் பத்து நிமிடம், அவள் போல்டரை அவளும் உங்கள் போல்டரை நீங்களும் சுத்தம் செய்யுங்கள். கையோடு பென் டிரைவில் ஒரு காப்பியும் எடுத்துவிடுங்கள்.

2. நினைவு: பார்த்துப் படிப்பதை விடப் பார்க்காமல் எழுதுவது மேல்

ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ், படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதைத் தன்னையே சோதித்து 1885-ல் புத்தகமாக வெளியிட்டார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று கண்டார். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முன்னால் நின்றார்கள்.

இதற்குத் தனி சாப்ட்வேர் வேண்டாம், நோட்பேட் போதும். திங்கட்கிழமை ஒரு குறளைப் படிக்கட்டும். அன்று மாலையே புத்தகத்தை மூடிவிட்டு நோட்பேடில் டைப் செய்யட்டும். எப்5 கீயை அழுத்தினால் அன்றைய தேதியும் நேரமும் தானாக விழும். பிறகு புத்தகத்தைத் திறந்து தப்பைத் தானே திருத்தட்டும். அதே குறளைப் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மறுபடி டைப் செய்யட்டும். தப்பு குறைந்துவருவதை அந்த ஒரே பைலில் பிள்ளையே பார்த்துவிடும். மறந்த சொல்லுக்குத் திட்டாதீர்கள். தேடி யோசிக்கும் அந்த நொடியில்தான் மனதில் பதிகிறது. இது பிடித்துப்போனால், கேள்வியைக் குறித்த இடைவெளியில் திரும்பக் கேட்கும் 'ஆன்கி' என்ற சாப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம்.

3. கட்டுப்பாடு: பிள்ளை காத்திருக்க வேண்டுமானால்...

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் 1960-களின் கடைசியில் தொடங்கிய மிட்டாய்ச் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். "இப்போதே ஒன்று சாப்பிடலாம், கொஞ்ச நேரம் காத்திருந்தால் இரண்டு" என்று சிறு குழந்தைகளிடம் சொன்னார்கள். காத்திருந்தவர்கள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்ததாகச் செய்தி பரவியது. 2018-ல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்து மறுபடி ஆராய்ந்தார்கள். குடும்பச் சூழ்நிலையையும் கணக்கில் சேர்த்தபோது அந்தத் தொடர்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது.

இதற்கிடையில் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளிடம் இன்னொரு சோதனை நடந்தது. முடிவு 2013-ல் வெளியானது. "நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன்" என்று பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பாதிக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மறு பாதிக் குழந்தைகளிடம் "மன்னித்துக்கொள், இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார். பிறகு எல்லாருக்கும் அதே மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்த குழந்தைகள் காத்திருந்தது சுமார் 3 நிமிடம்தான்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. தொழிற்பேட்டையிலோ ஆவடி தொழிற்சாலைகளிலோ ஷிப்ட் பார்க்கும் வீடுகளில் "ஆறு மணிக்கு வந்துடுவேன், சேர்ந்து உட்காரலாம்" என்று சொல்கிறோம். ஓவர்டைம் வந்துவிடும், பஸ் நெரிசலில் நின்றுவிடும். நாம் எட்டு மணிக்கு வந்து பார்த்தால் பிள்ளை கேம் ஆடிக்கொண்டிருக்கும். காத்திருப்பதில் பலனில்லை என்று நாம்தானே கற்றுக்கொடுத்தோம்?

ஆகவே சின்ன வாக்காகக் கொடுங்கள், தவறாமல் நிறைவேற்றுங்கள். "முடிந்தால் வருகிறேன்" என்பதை வாக்காகச் சொல்லாதீர்கள். தாமதமாகும் என்று தெரிந்ததும் போன் செய்து வேறு நேரம் சொல்லுங்கள்; அந்த நேரத்தையாவது காப்பாற்றுங்கள். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் விதி தெரிந்திருக்கட்டும். அப்பா "அரை மணி" என்றதைப் பாட்டி ஒரு மணியாக்கினால் விதியே இல்லாமல் போய்விடும்.

நேரத்துக்கு, விண்டோஸில் உள்ள கிளாக் என்ற புரோகிராமில் டைமர் இருக்கிறது. அதைப் பிள்ளையே வைக்கட்டும். மணி அடித்ததும் நடக்கும் ஆட்டத்தை முடிக்க இரண்டு நிமிடம் கொடுங்கள். பாதியில் பிடுங்கினால் சண்டைதான் மிச்சம். இதற்கும் அடங்காவிட்டால், செட்டிங்ஸ் சென்று அக்கவுண்ட்ஸ் பகுதியில் பேமிலி என்பதைத் திறந்து, குழந்தைக்குத் தனி அக்கவுண்ட் உருவாக்கி, தினசரி நேர வரம்பு வைக்கலாம். ஆனால் அது பூட்டுதான், பழக்கம் அல்ல. எத்தனை மணி நேரம் என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்துவிட்டு வையுங்கள்.

இன்னொன்று. மிட்டாயைக் கண்ணில் படாமல் மறைத்தபோது குழந்தைகள் அதிக நேரம் காத்திருந்ததையும் மிஷல் கண்டார். கேம் ஐகானை டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ஷட்டவுன் செய்து, மானிட்டருக்கு உறை போட்டு மூடுங்கள். தூசிக்காகப் போடும் அந்தத் துணி ஆசையையும் கொஞ்சம் மூடும்.

எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை மாலை ஏழு மணி போல்டர் நேரம். போன வாரம் என் டெஸ்க்டாப்பில் பதினான்கு ஐகான் இருந்தது. "அப்பா, போன வாரமே எடுக்கறேன்னு சொன்னீங்க" என்றாள் மகள். எடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.