நடத்தைப் பயிற்சி: வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

ஆட்டிசமோ வளர்ச்சித் தாமதமோ உள்ள பிள்ளைக்குப் பயிற்சியாளர் வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். மற்ற நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தான். கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கத்துத் தோட்டங்களில் அந்த ஓரிரு மணி நேரமும் எளிதில் வாய்ப்பதில்லை. நிபுணரைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போய்வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். ஆகவே, இங்கே பெற்றோரே முறையாகக் கற்றுக்கொள்வது மிக அவசியம்.

பலன் உண்டா?

உண்டு. 3 முதல் 7 வயது வரையிலான 180 ஆட்டிசப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் 24 வாரம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. ஆட்டிசம் பற்றிய விவரங்களை மட்டும் கேட்டறிந்த பெற்றோரின் பிள்ளைகளில் 39.6 விழுக்காட்டினர் நன்றாகத் தேறினார்கள். அடத்தைக் கையாளும் முறையைப் பழகிய பெற்றோரின் பிள்ளைகளில் தேறியவர்கள் 68.5 விழுக்காடு.

என்ன கற்றுத் தருகிறார்கள்?

முதல் பாடம், கவனிப்பது. அடம்பிடிக்கும் முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு நாம் என்ன செய்தோம் என்று நோட்டில் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, கைப்பேசியைப் பிடுங்கியதும் பையன் தரையில் உருண்டு கத்துகிறான்; பாட்டி மனம் தாங்காமல் திரும்பக் கொடுத்துவிடுகிறார். கத்தினால் கிடைக்கும் என்பதே அவன் கற்ற பாடம். பிடுங்குவதற்குப் பதில், "இந்தப் பாட்டு முடிஞ்சதும் அம்மாகிட்ட கொடுக்கணும்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கொடுத்த கையோடு, "சொன்னதும் கொடுத்துட்டியே, கெட்டிக்காரன்!" என்று பாராட்ட வேண்டும்.

கத்தலுக்கு இணங்காவிட்டால் முதல் சில நாள் கத்தல் கூடும். அப்போது ஒருவர் இளகினாலும், இன்னும் உரக்கக் கத்த வேண்டும் என்றே பிள்ளை புரிந்துகொள்ளும். வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே தடுத்து, நிபுணரிடம் சொல்ல வேண்டும்.

எங்கே தொடங்குவது?

அரசு சுகாதாரக் கிளினிக்கில் 18 மாதக் குழந்தைக்கு ஆட்டிச அறிகுறிகள் உண்டா என்று கேள்விகள் கேட்டுப் பார்ப்பார்கள். ஐயம் இருந்தால் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சமூக நலத்துறையில் ஓகேயூ, அதாவது மாற்றுத்திறனாளி எனப் பதிவு செய்துகொண்டு, பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையத்தையும் நாடலாம்.

2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த பயிற்சியில் 9 குழு வகுப்புகளும் 3 வீட்டு வருகைகளும் உள்ளன. முறையாகப் பழகினால், நிபுணர் அல்லாதவர்களும் இதை நடத்தலாம். வேலை முடிந்த மாலையில், தமிழ்ப்பள்ளியில், தமிழிலேயே இது நடக்க வேண்டும். வளர்ப்பு சரியில்லை என்று தாயைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதற்கு ஏற்பாடு செய்யட்டும்.