ரொக்கெட் திரும்பி வந்தால் விலை இறங்குமா?

வவுனியாவில் சரக்கு ஏற்றிய லொறி, முல்லைத்தீவில் மூடைகளை இறக்கியதும் அங்கேயே கடலில் தள்ளப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நடைக்குப் புது லொறி வாங்க வேண்டும். அப்படியானால் ஒரு மூடை அரிசி என்ன விலைக்கு விற்கும்? ஓமந்தையில் சரக்கை இறக்கி ஏற்றிய நாட்களைக் கண்ட வன்னி வியாபாரிகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. செய்மதிகளை விண்வெளிக்குக் கொண்டு செல்லும் ரொக்கெட்டுகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் இப்படித்தான் ஓடின. ஒரு நடையோடு சரி.

இதை மாற்றுவதற்காக நடைபெறும் பரீட்சார்த்தப் பறப்புகள் பற்றி இப்போது பெரும் விவாதம் நடக்கிறது. நமக்கும் அதில் சம்பந்தம் உண்டு. ஸ்டார்லிங்க் செய்மதி இணையச் சேவை 2024 ஓகஸ்டில் இலங்கையில் அனுமதிப்பத்திரம் பெற்று, 2025 ஜூலையில் இங்கு ஆரம்பமானது. கம்பி எட்டாத, சிக்னல் விழாத கிராமத்திலும் கடை வைத்திருப்பவர் கொழும்பு மொத்த வியாபாரியோடு தொடர்புகொள்ள இது வழி செய்கிறது. இச்சேவையை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸ் கம்பனிதான் அந்த ரொக்கெட்டுகளையும் செய்கிறது.

வெடித்தால் நட்டமா?

அக்கம்பனியின் ஸ்டார்ஷிப், 120 மீற்றருக்கும் உயரமான இராட்சத ரொக்கெட். 2023 ஏப்ரல் 20 இல் நடந்த முதல் பறப்பு நடுவானில் வெடிப்பில் முடிந்தது. 2024 ஒக்டோபர் 13 இல், திரும்பி வந்த அதன் கீழ்ப்பகுதியை ஏவுகோபுரத்தின் இரு இரும்புக் கரங்கள் பிடித்து நிறுத்தியபோது உலகமே வியந்தது. ஆனால் 2025 இன் முதல் மூன்று பறப்புகளிலும் மேற்பகுதி அழிந்தது. ஜூனில் ஒன்று தரையிலேயே வெடித்தது. ஓகஸ்டிலும் ஒக்டோபரிலும் நடந்த பறப்புகள் வெற்றி பெற்றன.

இது முன்னேற்றமா, வீண்விரயமா? உடைத்துப் பார்த்துத்தான் விரைவாகக் கற்கலாம் என்பது ஒரு சாராரின் வாதம். 11 பறப்புகளின் பின்னரும் கூலி கொடுத்த சரக்கு ஒன்றையேனும் சுற்றுப்பாதையில் சேர்க்கவில்லையே என்பது மறுசாராரின் கேள்வி.

அயல்நாடான இந்தியா நிதானமாகப் போகிறது. இஸ்ரோ 2023, 2024 ஆம் ஆண்டுகளில் இறக்கை கொண்ட சிறிய கலமொன்றை ஹெலிகொப்டரில் தூக்கிச் சென்று விடுவித்து, கர்நாடகாவில் ஓடுபாதையில் மூன்று தடவை தானாகவே தரையிறங்க வைத்தது. 30 தொன் வரை சுமக்கும், கீழ்ப்பகுதியை மீண்டும் பாவிக்கக்கூடிய புதிய ரொக்கெட்டுக்கு 2024 செப்டெம்பரில் இந்திய அமைச்சரவை 8,240 கோடி இந்திய ரூபாவை ஒதுக்கியது. அதற்கான காலக்கெடு எட்டு ஆண்டுகள்.

திரும்பினால் மட்டும் போதாது

அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டிலும் திரும்பி வந்த வாகனம்தான். 1981 முதல் 2011 வரை 135 தடவை பறந்தது. ஆனாலும் செலவு குறையவில்லை. வெப்பம் தாங்கும் 20,000 இற்கும் மேற்பட்ட ஓடுகளை ஒவ்வொரு பயணத்தின் பின்னும் பரிசோதித்துச் செப்பனிட மாதக்கணக்கில் ஆட்கள் உழைக்க வேண்டியிருந்தது. வந்த லொறி கராஜிலேயே நின்றால் கூலி எப்படிக் கிடைக்கும்?

ஆகவே வெடிப்பையோ கைதட்டலையோ வைத்துக் கணக்குப் பார்க்கக்கூடாது. ஒரே வாகனம் எத்தனை நடை ஓடியது, இரு நடைகளுக்கிடையே எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பதே கணக்கு. ஸ்டார்ஷிப்பின் கீழ்ப்பகுதி முதன்முதலாக மீண்டும் பறந்தது 2025 மே மாதத்தில். மேற்பகுதி ஒன்று அந்த ஆண்டு முடியும் வரை இரண்டாம் தடவை பறக்கவில்லை.

இலாபம் யார் பையில்?

இதைவிட முக்கியமான விடயம் ஒன்றுண்டு. ஸ்பேஸ்எக்ஸின் சிறிய ரொக்கெட்டான பல்கன் 9 இன் கீழ்ப்பகுதி 2017 முதல் மீண்டும் பாவிக்கப்படுகிறது. சில 30 தடவைக்கு மேல் பறந்துவிட்டன. கம்பனியின் செலவு பெருமளவு குறைந்தது. ஆனால் வாடிக்கையாளருக்கு அறிவிக்கப்பட்ட விலையோ 62 மில்லியன் டொலரிலிருந்து ஏறத்தாழ 70 மில்லியனாக உயர்ந்தது! காரணம் எளிது. பாதையில் ஓடுவது ஒரே லொறி என்றால், டீசல் மலிந்தாலும் கூலி இறங்காது. இரண்டாவது லொறி வந்தால்தான் இறங்கும்.

அந்த இரண்டாவது லொறி மெல்ல வருகிறது. 2025 நவம்பரில் ப்ளூ ஒரிஜின் கம்பனியின் நியூ க்ளென் ரொக்கெட்டின் கீழ்ப்பகுதி கடலில் நின்ற மேடையில் பத்திரமாக இறங்கியது. டிசம்பரில் சீனாவின் ஜூச்சுவே-3 சுற்றுப்பாதையை அடைந்தாலும் அதன் கீழ்ப்பகுதி இறங்கும்போது அழிந்தது.

ஆகவே வன்னி வியாபாரிகள் செய்ய வேண்டியது என்ன? கம்பி இணைப்போ நல்ல சிக்னலோ உள்ள கடைக்காரர், புதுமைக்காகச் செய்மதிக் கருவியில் முதலைப் போட வேண்டியதில்லை. தொடர்பே கிடைக்காத இடத்தில் நெற்கொள்வனவோ மீன் வியாபாரமோ செய்பவர், மாதக் கட்டணத்தை மாத இலாபத்தோடு ஒப்பிட்டு, இன்றைய விலைக்கே கட்டுமானால் மட்டும் வாங்கட்டும். நாளை மலியும் என்று நம்பிக் கடன்பட வேண்டாம். தவக்குல் வைப்பதற்கு முன் ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது.